அந்த மெழுகு எங்க இருந்து வந்துச்சு

நேயர்களுக்கு வணக்கம். விஸ்கி செய்ற தொழில்ல இப்போ என்ன நடக்குது, அங்க இருக்கிறவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க, சந்தோஷமா வந்தேன். குடிக்கிறத பத்தி நான் எதுவும் சொல்லப்போறதில்ல, அது அவங்கவங்க பாடு. என் ஆசை எல்லாம் அத செய்ற இடத்து மேல தான், அந்த செம்பு ஸ்டில்லு, அதாவது சரக்கு வடிக்கிற பெரிய பாத்திரம், ஊறல் வாசம், முப்பது வருஷமா அதே வால்வ திறந்து மூடிட்டு இருக்கிற மனுஷங்க, இவங்க மேல.

முதல்ல சேதி. 2025 டிசம்பர்ல ஜிம் பீம்ங்கிற விஸ்கி கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டாங்க, அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல கிளெர்மான்ட்ங்கிற இடத்துல இருக்கிற அவங்க முக்கிய டிஸ்டில்லரில, அதாவது விஸ்கி காய்ச்சுற ஆலைல, 2026 முழுக்க காய்ச்சப் போறதில்லன்னு. மத்த இடத்துல வேலை நடக்கும், பாட்டில் அடைக்கிறது நடக்கும், ஆனா அந்தப் பெரிய அடுப்பு அணையுது. ஏன்னு கேட்டா, கென்டக்கில மட்டும் இப்போ கிடங்குகள்ல 1 கோடியே 60 லட்சம் பீப்பாய் அடுக்கி இருக்கு. அந்த மாநிலத்துல இருக்கிற ஜனங்கள விட மூணு மடங்குக்கும் மேல பீப்பாய்! ஸ்காட்லாந்த எடுத்துக்கிட்டா இன்னும் பெருசு, 2 கோடியே 20 லட்சம் பீப்பாய் தூங்கிட்டு இருக்கு. அங்கயும் பல டிஸ்டில்லரில ஷிஃப்ட்ட குறைச்சிட்டாங்க, ஏழு நாள் ஓடினது அஞ்சு நாள் ஓடுது, சில இடத்துல கொஞ்ச காலத்துக்கு மொத்தமாவே நிறுத்தி வச்சிருக்காங்க.

இதுல என்ன பெரிய விஷயம், எல்லா தொழில்லயும் சரக்கு தேங்கும், குறைப்பாங்கன்னு தோணலாம். ஆனா விஸ்கில ஒரு வித்தியாசம் இருக்கு, அத புரிஞ்சிக்கிட்டா தான் மத்தது எல்லாம் புரியும். இன்னிக்கு காலைல வடிச்சு பீப்பாயில ஊத்துற சரக்கு இன்னிக்கு கடைக்கு போற சரக்கு இல்ல. ஸ்காட்லாந்து சட்டப்படி ஓக் மரப் பீப்பாயில, அதுவும் 700 லிட்டருக்கு மேல போகாத பீப்பாயில, அந்த நாட்டு மண்ணுலயே குறைஞ்சது 3 வருஷம் இருந்தா தான் அதுக்கு ஸ்காட்ச் விஸ்கின்னு பேரே வைக்க முடியும், அது வரைக்கும் அது வெறும் ஸ்பிரிட். நல்ல மால்ட்னா, அதாவது முளைகட்டின பார்லில செஞ்ச விஸ்கின்னா, 10, 12, 18 வருஷம். அப்போ இன்னிக்கு ஒருத்தர் எவ்வளவு காய்ச்சலாம்னு முடிவு பண்றார்னா அவர் பன்னெண்டு வருஷம் கழிச்சு உலகம் எப்படி இருக்கும், யாருக்கு தாகம் எடுக்கும், எந்த நாட்டுல வரி ஏறும்னு கணக்கு போட்டு தான் முடிவு பண்றார், அந்தக் கணக்கு தப்பாப் போச்சுன்னா அது தப்புன்னே பன்னெண்டு வருஷம் கழிச்சு தான் தெரியும்.

ஏற்கெனவே ஒரு தடவை தப்பாப் போச்சு. 1970கள்ல ஸ்காட்லாந்துல எல்லாரும் வியாபாரம் ஏறிட்டே போகும்னு நம்பி காய்ச்சித் தள்ளினாங்க. அப்புறம் எண்ணெய் விலை ஏத்தம், பொருளாதார மந்தம், இளவட்டம் வோட்கா பக்கமும் ஒயின் பக்கமும் திரும்பிடுச்சு, கிடங்கு முழுக்க சரக்கு, அந்த காலத்த இன்னிக்கும் விஸ்கி ஏரின்னு தான் சொல்றாங்க, அவ்வளவு தேங்கிக் கிடந்துச்சாம். 1983ல டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட்ங்கிற பெரிய நிறுவனம் 11 மால்ட் டிஸ்டில்லரிய ஒரே அடியா மூடினாங்க. ஐலா தீவுல போர்ட் எலன், வடக்கே சதர்லாந்து கடலோரத்துல ப்ரோரா, எல்லாம் அதுல போனது தான். 1993ல ஃபால்கிர்க்ல கால்வாய் கரையில இருந்த ரோஸ்பேங்கும் மூடுச்சு.

இந்த ப்ரோரா பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா நான் இன்னிக்கு பேச வந்ததே இதுக்கு தான்.

1819ல ஆரம்பிச்ச இடம் அது. அப்போ பேரு க்ளைன்லிஷ். 1960கள் கடைசில பக்கத்துலயே புதுசா பெரிய டிஸ்டில்லரி கட்டி அந்தப் பேர அதுக்கு கொடுத்துட்டாங்க, பழசுக்கு ஊர் பேரயே வச்சு ப்ரோரான்னு ஆச்சு. அந்த ரெண்டு இடத்து விஸ்கிக்கும் ஒரு குணம், நாக்குல மெழுகு தடவின மாதிரி ஒரு வழவழப்பு, அணைஞ்ச மெழுகுவத்தி வாசம் மாதிரி. வேற எங்கயும் அவ்வளவா கிடைக்காது. இந்த மெழுகு எங்க இருந்து வருதுன்னு பார்த்தா, பார்லில இல்ல, தண்ணில இல்ல, ஸ்டில்லுலயும் நேரா இல்ல. முதல் தடவை வடிச்சதும், ரெண்டாவது தடவை வடிக்கும்போது ஒதுக்குற தலையும் வாலும், அதாவது முதல்ல வர்ற சரக்கும் கடைசில வர்ற சரக்கும், போய் விழுற தொட்டி ஒண்ணு இருக்கு, அந்தத் தொட்டியோட அடியிலயும் சுவத்துலயும் வருஷக்கணக்கா ஒரு பிசுபிசுப்பு படிஞ்சிட்டே வரும், எண்ணெய் மாதிரி, பார்க்கவே நல்லா இருக்காது. மத்த டிஸ்டில்லரிகள்ல அத சுரண்டி எடுத்துடுவாங்க. இங்க ஒரு தடவை யாரோ நல்ல மனசோட சுத்தமா தேய்ச்சு கழுவிட்டாங்க, அடுத்து வடிச்ச சரக்குல மெழுகு காணோம்! அப்புறம் தான் விளங்குச்சு, அழுக்குன்னு நினைச்சது தான் அந்த வீட்டோட கைமணம்னு. அதுக்கப்புறம் தொட்டிய கழுவினாலும் அந்தப் படிவத்த எடுத்து வச்சு திரும்ப உள்ள போடுறாங்க.

வேலை செஞ்சவங்க கையோட இருந்த சேதி இது. ஒரு இடத்த மூடும்போது செங்கல்லு அங்கயே தான் நிக்கும், செம்பு கூட நிக்கும், ரோஸ்பேங்க்ல அதுவும் நிக்கல, 2008 கடைசியிலயோ 2009 ஆரம்பத்துலயோ ஸ்டில்லையே வெட்டி திருடிட்டு போயிட்டாங்க, நல்லவேளை பழைய வரைபடம் இருந்துச்சு, அத வச்சு புதுசா செஞ்சாங்க. ஆனா இந்தத் தொட்டிய தேய்க்காதீங்கன்னு சொல்ற ஆளு ஓய்வு வாங்கிட்டு போயிட்டா, அவருக்கு ஒரு வரைபடம் கிடையாது.

ஸ்காட்லாந்துலயே டால்வின்னிங்கிற டிஸ்டில்லரில நடந்ததும் இதே மாதிரி தான். அங்க ஆவிய குளிரவைக்க பெரிய மரத்தொட்டி, உள்ள சுருள் சுருளா செம்புக் குழாய், வார்ம் டப்னு சொல்வாங்க. 1980கள்ல அத தூக்கிட்டு நவீன கன்டென்சர் மாட்டினாங்க. வேலை சுலபமாச்சு, ஆனா விஸ்கி மாறிப்போச்சு, அந்த கனம் இல்ல. காரணம் என்னன்னா புது கன்டென்சர்ல ஆவி நிறைய செம்ப தொட்டுட்டு வருது, செம்பு கந்தகத்த பிடிச்சுக்கும், சரக்கு லேசாயிடும். பழசுல கொஞ்சம் கந்தகம் தங்கும், பீப்பாயில வருஷக்கணக்கா கிடக்கும்போது அது தான் கனமா மாறும். கடைசில கௌரவம் பார்க்காம திரும்ப மரத்தொட்டியே வச்சுட்டாங்க. எனக்கு அந்த முடிவு மேல ரொம்ப மரியாதை.

நான் ஸ்காட்லாந்துல ஒரு டிஸ்டில்லரில ஒரு நாள் முழுக்க நின்னு பார்த்திருக்கேன். பேரு வேண்டாம், சின்ன இடம். முளைகட்டி உலர்த்தின பார்லிய அரைச்சு, சுடுதண்ணில கரைச்சு, ஈஸ்ட் போட்டு ஊறல் போட்டு, அது ரெண்டு மூணு நாள்ல நுரைச்சு அடங்கி பீர் மாதிரி 8 சதவீதத்துக்கு வந்து, அத ரெண்டு தடவை வடிக்கிறது, இதெல்லாம் எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சது தான். என்னைய நிறுத்தி வச்சது அந்த ஸ்பிரிட் சேஃப். பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி, பூட்டு தொங்கும், உள்ள குழாய்ல இருந்து தெளிஞ்ச சரக்கு ஓடிட்டே இருக்கும், கைய உள்ள விட முடியாது, வாசம் பார்க்க முடியாது, வெளிய இருக்கிற பிடிய திருப்பி தான் எல்லாம் பண்ணணும். ஸ்டில்மேன் ஒரு பிடிய திருப்பி கொஞ்சம் சரக்க உள்ள இருக்கிற கண்ணாடிக் குடுவைல பிடிச்சார், இன்னொன்ன திருப்பி தண்ணி கலந்தார். பால் மாதிரி கலங்குச்சு. தலைய ஆட்டினார், இன்னும் தலை ஓடுதுன்னு அர்த்தம், குடிக்க ஆகாது. சில நிமிஷம் கழிச்சு திரும்ப. இன்னும் லேசா ஒரு மங்கல். மூணாவது தடவை தண்ணி ஊத்தினார், கலங்கவே இல்ல, கண்ணாடி மாதிரி நின்னுச்சு. உடனே பெரிய பிடிய பிடிச்சு ஒரு தள்ளு, ஓடிட்டு இருந்த தாரை இந்தக் கிண்ணத்துல இருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாறுச்சு. அது தான் நடு, அது மட்டும் தான் பீப்பாய்க்கு. கருவி இருக்கே, பாகை காட்டுதே, எதுக்கு தண்ணி ஊத்தி பார்க்கிறீங்கன்னு கேட்டேன். கருவி சொல்றதும் கண்ணு சொல்றதும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும் இல்லன்னு சொன்னார், அவ்வளவு தான், அடுத்த வேலைய பார்க்க போயிட்டார்.

பீப்பாய்க்கு போனதுக்கு அப்புறமும் சும்மா இருக்காது. ஸ்காட்லாந்து குளிர்லயே வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் மரத்து வழியா ஆவியா போயிடும், தேவதைகளோட பங்குன்னு சொல்லுவாங்க, 12 வருஷத்துல அஞ்சுல ஒரு பங்கு போச்சுன்னு வச்சுக்கோங்க. அந்த ஆவிய குடிச்சு வாழுற ஒரு கரும்பூஞ்சை இருக்கு, பவுடோய்னியான்னு பேரு, கிடங்கு சுவரு, பக்கத்து மரம், வீட்டுக் கூரைன்னு கரியா படியும். அமெரிக்காவுல டென்னசில இதுக்காக அக்கம்பக்கத்து ஜனங்க 2023ல கோர்ட் வரைக்கும் போனாங்க. கிடங்கு பெருக பெருக இந்தப் பேச்சும் பெருகுது. அவங்க கோபம் நியாயம் தான்னு நான் நினைக்கிறேன், தேவதைக்கு போற பங்குக்கு பக்கத்து வீட்டுக்காரர் எதுக்கு கூரை கழுவணும்.

இப்போ ஒரு எச்சரிக்கை, இத சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. பீப்பாய் வாங்கிப் போடுங்க, பத்து வருஷத்துல பணம் பெருகும்னு ஃபோன் பண்றவங்க நிறைய பேர் கிளம்பியிருக்காங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர், நல்ல மனுஷர், சேமிப்ப எடுத்து ஒரு பீப்பாய் வாங்கினார். அழகா ஃப்ரேம் போட்ட சர்டிஃபிகேட் வந்துச்சு, சுவத்துல மாட்டி வச்சிருந்தார். நாலு வருஷம் கழிச்சு அவரே கிடங்குக்கு எழுதிக் கேட்டா, அந்த நம்பர் பீப்பாய் வேற ஒருத்தர் பேர்ல இருக்குன்னு பதில் வந்துச்சு. ஒரே பீப்பாய பல பேருக்கு வித்திருக்காங்க! சர்டிஃபிகேட் சொத்துப் பத்திரம் இல்லங்க. டெலிவரி ஆர்டர்னு ஒண்ணு இருக்கு, விக்கிறவர் கிடங்குக்காரருக்கு இந்தப் பீப்பாய இன்னார் பேருக்கு மாத்துங்கன்னு எழுதிக் கொடுக்கிறது, அத கிடங்குக்காரர் ஏத்துக்கிட்டு உங்க பேர்ல கணக்கு இருக்குன்னு உங்களுக்கு எழுத்துல சொல்லணும். அது இல்லாம காசு கொடுக்காதீங்க. உள்ள எத்தனை லிட்டர் மிச்சம், பலம் எத்தனை சதவீதம்னு அளந்த தாளும் கேளுங்க, 40க்கு கீழ இறங்கிட்டா அத விஸ்கின்னே விக்க முடியாது.

நல்ல சேதியும் இருக்கு. ஜப்பான்ல ரொம்ப நாளா வெளிநாட்டு சரக்க வாங்கி ஜப்பான் விஸ்கின்னு லேபிள் ஒட்டிட்டு இருந்தாங்க சில பேர், அந்தத் தொழில் சங்கமே உட்கார்ந்து விதி போட்டு 2024 ஏப்ரல்ல இருந்து முழுசா கடைப்பிடிக்கிறாங்க, அங்கயே காய்ச்சி அங்கயே 3 வருஷம் வைக்கணும். அமெரிக்கன் சிங்கிள் மால்ட்ங்கிற வகைக்கு, அதாவது ஒரே டிஸ்டில்லரில முளைகட்டின பார்லி மட்டும் வச்சு செய்றதுக்கு, அந்த நாட்டு அரசாங்கமே கொடுத்த அங்கீகாரம் 2025 ஜனவரில நடைமுறைக்கு வந்துச்சு.

திரும்ப ப்ரோராவுக்கு வர்றேன். 1983ல அங்க இருந்த கலால் அதிகாரி பழைய பேரேட்டுல ஒரு வரி எழுதி வச்சார். டிஸ்டில்லரில வருஷா வருஷம் பராமரிப்புக்காக கொஞ்ச வாரம் அடுப்ப அணைப்பாங்க, அதுக்கு மௌனப் பருவம்னு பேரு. அவர் எழுதினது, ப்ரோரா மௌனப் பருவம் தொடக்கம், எவ்வளவு காலம்னு தீர்மானிக்கல. மூடியாச்சுன்னு எழுத அவருக்கு கை வரல போல, அப்படித்தான் நான் படிக்கிறேன். 38 வருஷம் போச்சு. பழைய ரெண்டு ஸ்டில்லையும் தெற்க அல்லோவாங்கிற ஊர்ல இருக்கிற செம்புப் பட்டறைக்கு அனுப்பி சரிபண்ணி திரும்ப கொண்டு வந்தாங்க, மிச்சம் இருந்த பழைய பீப்பாய் சரக்க சுவைச்சுப் பார்த்து, பழைய குறிப்ப புரட்டி, அதே குணத்த திரும்ப பிடிக்கப் பார்த்தாங்க. 2021 மே மாசம் மறுபடி முதல் பீப்பாய் நிரம்புச்சு. அப்போ அங்க மாஸ்டர் டிஸ்டில்லரா இருந்தவர் ஸ்டூவர்ட் போமன், அந்தப் பேரேட்ட எழுதின அதிகாரியோட மகன், அந்த ஊர்லயே வளர்ந்தவர். போர்ட் எலன் 2024 மார்ச்ல திறந்துச்சு, ரோஸ்பேங்க் அதே வருஷம் ஜனங்களுக்கு கதவ திறந்துச்சு.

இந்த மூணும் திறந்து கொஞ்ச வருஷத்துலயே பல இடங்கள்ல அடுப்பு அணையுது. கம்பெனிகளுக்கு காசுக் கணக்கு இருக்கும், நான் மறுக்கல. ஆனா ஷிஃப்ட்ட குறைக்கிறப்போ அதிக சம்பளம் வாங்குற பழைய ஆள முதல்ல வீட்டுக்கு அனுப்புறது, அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம், அடுப்பு அணைஞ்சிருந்தாலும் அந்த ஆள வச்சுக்கோங்க, புதுசா வந்த பசங்க பக்கத்துல உட்கார்ந்து அவர் சொல்றத எழுதட்டும்.

ப்ரோராவுல 2021ல நிரப்பின பீப்பாய்க்கு 2033ல 12 வயசு ஆகும். அதுல அந்த மெழுகு வந்திருக்கான்னு அன்னிக்கு ஒருத்தர் வாயில வச்சு சொல்லுவார். பழைய ப்ரோராவ புதுசா இருக்கும்போதே சுவைச்சவர் ஒருத்தராவது அப்போ பக்கத்துல நிக்கணும்னு எனக்கு ஆசை. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.