கேட்பவர் கையில் மதிப்பெண் இருக்கலாமா?

நடுவர் அவர்களே, மதுரைப் பெருமக்களே, வணக்கம். மனதில் தோன்றுவதைப் பேசவைத்துக் கேட்டுச் சிகிச்சை தரும் உளப்பகுப்பாய்வுத் துறை தழைக்கப் பெரிதும் வேண்டியது கட்டுப்பாடா, திறந்த மனமா? திறந்த மனமே என்கிறது எங்கள் அணி.

"விதியைத் தளர்த்தினால் நேற்றுப் புத்தகம் படித்தவர் இன்று சிகிச்சைக்கு உட்கார்ந்துவிட மாட்டாரா?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். ஐயா, பயிற்சியே வேண்டாம் என்று யார் சொன்னது? 1920களில் பெர்லினில் வகுத்த மூன்றும் இருக்கட்டும்: மாணவர் தாமே பகுப்பாய்வுக்கு உட்படுவது, மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது, வகுப்பு.

கோளாறு முதலாவதில் இருக்கிறது. மனதில் வருவதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இங்கே அடிப்படை விதி. கேட்பவரே மாணவரைப் பற்றிப் பயிற்சி நிலையத்துக்கு அறிக்கை அனுப்புகிறவர் என்றால் யார் வாய் திறப்பார்? கோபத்தை விழுங்குவார், சந்தேகத்தை விழுங்குவார், ஆசிரியருக்குப் பிடித்த விளக்கத்தையே ஒப்பிப்பார். பட்டம் வந்துவிடும், பகுப்பாய்வு நடந்திருக்காது. நாளை தம் நோயாளியிடமும் அதே பணிவை எதிர்பார்ப்பார். பல நிலையங்கள் அந்த அறிக்கையைக் கைவிட்டது இதனால்தான்.

தகுதியுள்ள புலவர் வந்தால் சங்கப்பலகை நீண்டு இடம் கொடுத்தது என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கமோ மருத்துவர் அல்லாதவர்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. உளவியலாளர்கள் 1985இல் வழக்குப் போட்டு, 1988இல் சமரசம் ஆன பிறகே கதவு திறந்தது. இத்துறையைத் தோற்றுவித்த ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு பள்ளி ஆசிரியை. மெலனி கிளைனும் மருத்துவப் பட்டம் பெறாதவர். குழந்தைகளின் விளையாட்டைக் கவனிக்கக் கற்றுத் தந்தவர்கள் இவர்கள்! லண்டனில் 1941 முதல் இருவர் அணிகளும் கடுமையாக மோதின. அங்கிருந்த சங்கம் உடைந்ததா? இல்லை, இரண்டு பயிற்சி வழிகளுக்கும் இடம் கொடுத்தது. கல்கத்தாவில் 1922இல் இந்தியச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதியே அவரோடு கருத்து வேறுபட்டவர்.

எதிரணி நண்பரே, நோயாளியின் ரகசியத்திலும் உடல் எல்லையிலும் எள்ளளவு தளர்வும் நாங்கள் கேட்கவில்லை. கேட்பது இதுதான். மதுரையில் நாலு பேர் கூடி ஒரு சிகிச்சையைப் பேசினாலும், அடையாளங்களை மாற்றிவிட்டு நோயாளி சொன்னதை மட்டும் முதலில் வாசியுங்கள். சிகிச்சை தந்தவரின் விளக்கம் அப்புறம் வரட்டும். இளையவர் முதலில் பேசட்டும். மூத்தவர் தொடங்கினால் மற்றவர்கள் அவர் சொன்னதற்கே சான்று தேடுவார்கள். பாதியில் நின்றுபோன சிகிச்சையையும் கொண்டு வரச் சொல்லுங்கள், முதலில் மூத்தவர்களை.