கிறிஸ்துமஸ் சந்தைக்கு நம் ஊர்ச் சரக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கிறிஸ்துமஸ் சந்தை நடத்த நினைக்கிற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில யோசனைகள் சொல்ல வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கிவந்த சாவிக்கொத்தையும் பிளாஸ்டிக் பொம்மையையும் மேஜையில் பரப்பி விற்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அதைக் கடைத்தெருவில் இருப்பவர்கள் நம்மைவிட நன்றாகவே விற்பார்கள். பள்ளிச் சந்தையில் வைக்கிற பொருளில் பிள்ளைகளின் கை பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நம் ஊர்க்காரர்களின் கைவேலையாக இருக்க வேண்டும்.

வாழ்த்து அட்டையிலிருந்து தொடங்கலாம். செலவு குறைவு, எல்லா வகுப்புப் பிள்ளைகளும் செய்யலாம். ஒரு சார்ட் அட்டையை எட்டாக வெட்டி மடித்தால் எட்டு வாழ்த்து அட்டை. அதன் முகப்பில் பனிமனிதனும் பனிச்சறுக்கு வண்டியும் எதற்கு? நம் வீடுகளில் நடுவீட்டுக் கோலம் போடுகிறோமே, அதையே போடச் சொல்லுங்கள். அட்டைக்குக் காவி நிறம் பூசி, நன்றாகக் காய்ந்தபின், வெள்ளை போஸ்டர் கலரைக் கெட்டியாகக் கரைத்து மெல்லிய தூரிகையால் இழை இழுக்க வேண்டும். ஊடுபுள்ளி வைத்து இரண்டு முக்கோணங்களைப் பின்னினால் நட்சத்திரம் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு அதைவிடப் பொருத்தமான கோலம் எது? எந்த வீட்டுப் பிள்ளையும் தன் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டுக்கொண்டு வந்து போடலாம். மாதா கோவிலுக்குப் போகிற பிள்ளையும் பிள்ளையார் கோவிலுக்குப் போகிற பிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வரைவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அடுத்தது கொட்டான், பனையோலையில் பின்னுகிற கூடை. நம் கல்யாண வீடுகளில் சீர் வரிசைக்குப் புழங்குகிற அந்த ஓலைக் கொட்டானுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, சன்னமாகக் கிழித்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, நனைத்துப் பதமாக்கிப் பின்னுகிறார்கள். இதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. பின்னுகிற அம்மாக்களிடம் நியாயமான விலை கொடுத்து உள்ளங்கை அளவுக் கொட்டான்களாக வாங்குவதே சரி. பேரம் பேசாதீர்கள். சாயம் போட்ட துண்டு ஓலைகளைக் கேட்டு வாங்கி வந்தால், அதில் பிள்ளைகளே நட்சத்திரம் மடிக்கலாம், குடிலில் வைக்க ஆட்டுக்குட்டி செய்யலாம். காய்ந்து போன ஓலை முறியும். பத்து நிமிடம் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு மடித்தால் சொன்னபடி கேட்கும்.

வாங்கிய கொட்டானை வெறுமனே விற்காமல் உள்ளே பலகாரம் வைத்து விற்றால் பரிசுப் பொருளாகிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை. டிசம்பர் நமக்கு மழை மாதம். ஈரக்காற்று பட்டால் முறுக்கு வகையெல்லாம் நமுத்துப்போகும். ஆகையால் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த சீப்புச் சீடையோ அச்சு முறுக்கோ எதுவானாலும், விற்கிற நேரம் வரை மூடி இறுக்கமான தூக்கிலேயே இருக்கட்டும். கொட்டானில் வாழையிலையோ பட்டர் காகிதமோ விரித்து, கேட்டவர் முன்னாலேயே எடுத்து வையுங்கள். வெல்லப்பாகு சேர்ந்த மணகோலம் என்கிற பலகாரம் இன்னும் சீக்கிரம் பிசுபிசுக்கும். அதைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டால் போதும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பிள்ளைகள் போக வேண்டாம். சுடுவது பெரியவர்கள், எடை போடுவதும் சீட்டு எழுதுவதும் பிள்ளைகள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று சீட்டில் கட்டாயம் எழுத வேண்டும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சுடச்சுட விற்க என்னைக் கேட்டால் வெள்ளைப் பணியாரம்தான். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்தை வைத்து அளப்பது நம் வீட்டுக் கணக்கு. ஊறவைத்து அரைத்த மாவை வெகுநேரம் போட்டு வைக்காமல் உடனுக்குடன் ஊற்ற வேண்டும். கூடவே மிளகாய்த் துவையல். அந்த வாசனைக்கே கூட்டம் வரும். பிளம் கேக் இருக்கட்டும், யாராவது வீட்டில் செய்கிறவர்கள் இருந்தால் துண்டு போட்டு விற்கலாம். பேக்கரியில் வாங்கி வைக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு என்று ஏதாவது வேண்டுமே. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற இடங்களில் கேட்டுப் பாருங்கள், மிஞ்சிப்போன ஒற்றைக் கற்கள் இருக்கும். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்வதால்தான் அந்தப் பளபளப்பு. அடியில் சணல் துணியை ஒட்டிவிட்டால், சூடான பாத்திரம் இறக்கிவைக்க அருமையான கல். விடுமுறைக்கு வெளியூரிலிருந்து வருகிற நம் ஆட்கள் இதை விடமாட்டார்கள். தையல் கடைகளில் மிஞ்சும் கண்டாங்கிச் சேலைத் துண்டுகளில் பஞ்சு அடைத்து நட்சத்திரம் தைத்தால் மரத்தில் தொங்கவிடலாம். அரக்கும் மஞ்சளும் கறுப்பும் கட்டம் போட்ட அந்தத் துணிக்கு ஜரிகையே தேவையில்லை. கார்த்திகைக்கு வாங்கி மிஞ்சிய அகல்களுக்கு வண்ணம் தீட்டியும் விற்கலாம்.

பை என்ன கொடுப்பது? மஞ்சப்பைதான். பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரியிலிருந்தே நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. பையில் பிள்ளைகள் அச்சுக் குத்தினால் அதுவும் ஒரு சரக்கு.

விலையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பத்து ரூபாயோடு வருகிற பிள்ளை வெறுங்கையோடு திரும்பக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மேஜையிலும் பத்து ரூபாய்க்கு ஒரு பொருளாவது இருக்கட்டும். ஒற்றை ஓலை நட்சத்திரம் போதும். சில்லறையை முதல் நாளே மாற்றி வையுங்கள். பணம் எதற்குப் போகிறது என்பதைச் சந்தை வாசலிலேயே எழுதிப் போடுங்கள். எவ்வளவு சேர்ந்தது என்பதை மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் பிள்ளைகளே எழுதட்டும்.

அப்புறம், நாள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் பிள்ளைகளும் வரமாட்டார்கள், பெற்றோரும் விடமாட்டார்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே நடத்திவிடுங்கள், மைதானத்தில் வேண்டாம், தாழ்வாரத்தில். கொட்டான் வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே சொல்லி வைக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஓலை காயாது. நன்றி, வணக்கம்.