சின்ன கன்டினுவேஷன் ஹைஸ்கூலின் வருகைக் கணக்கைப் படிப்பது எப்படி? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

ஒரு கேள்வி வந்திருக்கு. “கலிபோர்னியாவுல எங்க ஏரியா கன்டினுவேஷன் ஹைஸ்கூல்ல 58 பசங்கன்னு ஒரு இடத்துல போட்டிருக்கு. வருகைப் பட்டியல்ல பார்த்தா 100 பேருக்கு மேல. சில கட்டத்துல வெறும் நட்சத்திரக் குறி. எதை நம்புறது?”

ரெண்டுமே சரிதாங்க. கன்டினுவேஷன் ஹைஸ்கூல்ங்கறது, படிப்புல பின்தங்கின பசங்க ஹைஸ்கூலை முடிக்கறதுக்கான மாற்று ஸ்கூல். 58ங்கறது அக்டோபர் முதல் புதன்கிழமை, அந்த ஒரு நாள் எடுக்கற தலைக்கணக்கு. சாதாரண ஹைஸ்கூலுக்கு அது போதும். இங்கே அப்படியில்ல. 16 வயசு ஆன, கிரெடிட் (பாடம் முடிச்சா கிடைக்கற, டிப்ளமாவுக்கு வேண்டிய புள்ளி) குறைஞ்சுபோன பசங்க வருஷம் பூரா வந்து சேர்ந்துக்கிட்டே இருப்பாங்க. கிரெடிட்டைப் பிடிச்சதும் சிலர் பழைய ஸ்கூலுக்கே போயிடுவாங்க, சிலர் நடுவுலயே முடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. வருகைப் பட்டியல், அந்த வருஷம் பேர் பதிவான எல்லாரையும் எண்ணுது.

நட்சத்திரம்னா பூஜ்யம் இல்ல. அந்தப் பிரிவுல 10 பேரோ அதுக்கும் கீழயோ இருந்தா, யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு மறைச்சிடறாங்க. அப்புறம், இனவாரிக் கணக்கைக் கூட்டினா 100 சதவீதம் வரும். ஆனா ஏழ்மை, ஆங்கிலம் கத்துக்கறவங்க, ஃபாஸ்டர் பசங்க (அரசு ஏற்பாட்டுல வேற இடத்துல வளர்றவங்க), இதையெல்லாம் கூட்டாதீங்க. ஒரே பையன் மூணுலயும் இருப்பான்.

இப்ப வருகைக்கு வருவோம். நிறையப் பேர் குழம்பறது இங்கேதான். இந்த ஸ்கூல்ல அரசு நிதிக்கான வருகை மணிக்கணக்குல போகும். ஒரு நாள்னா 180 நிமிஷம், வாரத்துக்கு அதிகபட்சம் 15 மணி நேரம். ஒரு பொண்ணு திங்கட்கிழமை வரலைன்னு வைங்க. செவ்வாய், புதன் நாலரை மணி நேரம், வியாழன், வெள்ளி மூணு மணி நேரம் உக்கார்ந்தா 15 ஆயிடுச்சு. நிதிக் கணக்குல குறையே இல்ல. ஆனா நாள்கணக்குல திங்கட்கிழமை ஆப்சென்ட்தான்! இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். தினமும் ஒரு பீரியட் மட்டும் இருந்துட்டுப் போற பையன் நாள்கணக்குல ‘வந்தான்’. மணிக்கணக்குலயும் கிரெடிட்லயும் அடி வாங்குவான்.

தொடர் வராமைன்னு சொல்ற சதவீதம் இந்த நாள்கணக்கை வெச்சுதான் போடறாங்க. பதிவான நாள்ல 10 சதவீதம் வராட்டி அந்தப் பட்டியல்ல சேர்ந்துடுவாங்க. வருஷம் முழுக்க 180 நாள் இருக்கறவருக்கு அது 18 நாள். கடைசி 40 நாளுக்கு மட்டும் வந்தவருக்கு நாலே நாள், ஒரு காய்ச்சல் போதும். ஸ்கூலும் சின்னது, வருகைப் பட்டியல்ல இருக்கற 100 சொச்சம் பேர்ல ஒருத்தர்னாலே கிட்டத்தட்ட 1 சதவீதம். அதனால போன வருஷத்தைவிட அஞ்சு சதவீதம் ஏறிடுச்சுன்னு பார்த்தா, பெரும்பாலும் அஞ்சாறு பசங்க சமாச்சாரமா இருக்கும். என்னைக் கேட்டா, ஒரு வருஷத்து எண்ணை வெச்சு இந்த ஸ்கூல்களை எடைபோடவே கூடாது. மூணு வருஷமாவது பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

ஸ்கூல்ல நேரா கேக்கறதா இருந்தா, பசங்க வாரத்துக்குச் சராசரியா எத்தனை மணி நேரம் இருக்காங்க, எந்த பீரியட்ல கூட்டம் குறையுதுன்னு கேளுங்க. முடிஞ்சா செமஸ்டர் ஆரம்பத்துலயே சேர்ந்தவங்க தனி, நடுவுல சேர்ந்தவங்க தனின்னு பிரிச்சு வாங்குங்க. பேர் தர மாட்டாங்க, மொத்த எண் கேக்கலாம். பிரிக்கப் பிரிக்க ஆள் குறைஞ்சு அங்கேயும் நட்சத்திரம் வந்து நிக்கும், அதனால ரொம்பப் பொடியாப் பிரிக்காதீங்க.