21 நகர்த்தல்களில் முடிந்த ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

சதுரங்கத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது ஜப்பானியர்களின் ஷோகி. ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள், ஆளுக்கு 20 காய்கள். எதிரியிடம் வெட்டிய காயைத் தன் காயாகவே மீண்டும் பலகையில் இறக்கலாம். அதனால் ஆட்டம் முற்ற முற்ற வழிகள் பெருகும். 1997இல் டீப் புளூ என்ற கணினி சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற பிறகும் ஷோகி வீரர்களைக் கணினியால் நெடுங்காலம் நெருங்க முடியாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம்.

2013இல் நிலைமை மாறியது. டென்-ஓ தொடரில் ஐந்து தொழில்முறை வீரர்கள் ஐந்து மென்பொருள்களை எதிர்த்து ஆடினார்கள். மனிதர்களுக்கு ஒரு வெற்றி, ஒரு சமநிலை, மூன்று தோல்வி. மறு ஆண்டு நான்கு தோல்வி.

2015 தொடரைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தில் தொழில்முறை வீரர் அகுட்சு சிகாரா, ‘அவேக்’ என்ற மென்பொருளைச் சந்தித்தார். விதிப்படி மென்பொருள் முன்கூட்டியே வீரரிடம் பயிற்சிக்குத் தரப்படும். பிறகு அதைத் திருத்தக் கூடாது. அதன் பலவீனம் ஒன்று ஏற்கெனவே வெளியாகியிருந்தது. எதிரியின் எல்லைக்குள் மூலைவிட்டமாகப் பாயும் காயை ஆசைப்பட்டு இறக்கும். சில நகர்த்தல்களில் அந்தக் காய் சிக்கிக்கொள்ளும். ஓர் அமெச்சூர் வீரர் அப்படி அதை வென்றும் காட்டியிருந்தார். அகுட்சு அதே வலையை விரித்தார். மென்பொருள் விழுந்தது. 21 நகர்த்தல்களிலேயே அதை எழுதிய கோசே ரியோய்ச்சி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கோசே, தொழில்முறை வீரராகும் கனவோடு பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, அது கைகூடாமல் வெளியேறியவர். அமெச்சூர் கண்டுபிடித்த வழியைத் தொழில்முறை வீரர் கையாண்டது அவரை வருத்தியது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அகுட்சுவைக் குறைசொல்ல மாட்டேன். எதிரியின் பழக்கத்தை ஆராய்ந்து, அது தடுமாறும் இடத்துக்கு இழுத்துச் செல்வது ஷோகியில் காலங்காலமாக உள்ள திறமை. தொடரின் முடிவே தன் கையில் இருக்கும்போது, அழகான ஆட்டம் ஆடித் தோற்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. எதிரே கணினி என்பதற்காக அந்த நியாயம் மாறிவிடாது.

அந்த ஆண்டு மனிதர்கள் மூன்றுக்கு இரண்டு என்று வென்றார்கள். 2017இல் ஷோகியின் பெரிய பட்டங்களில் ஒன்றான மெய்ஜின் பட்டத்தை வைத்திருந்த சாட்டோ அமாஹிகோ, ‘பொனான்சா’ என்ற மென்பொருளிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார், அத்துடன் டென்-ஓ தொடர் முடிவுக்கு வந்தது. இன்று ஜப்பானில் இளம் வீரர்கள் மென்பொருளை வைத்தே பயிற்சி செய்கிறார்கள். அவர்களில் ஒருவரான புஜி சோட்டா 2023இல் எட்டுப் பெரிய பட்டங்களையும் ஒருசேரக் கைப்பற்றினார்.