பாலாற்று உப்பும் தனிம அட்டவணையும்

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் இந்த வேலூர் அரங்குக்கு வந்திருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளே, வணக்கம்.

‘தனிம அட்டவணையின் ஒரு தொகுதியில், அதாவது ஒரே நெடுவரிசையில், கீழே போகப் போக உலோகத்தின் வினைபடுதிறன் கூடும், அலோகத்தின் வினைபடுதிறன் குறையும்.’ பரீட்சைக்கு இந்த வரி போதும். ஆனால் ஒன்று ஏன் கூடுகிறது, மற்றது ஏன் குறைகிறது? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அணுக்கருவுக்கும் எலக்ட்ரான்கள் இருக்கும் கடைசிக் கூட்டுக்கும் இடையே உள்ள தூரம்.

சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. அந்தக் கடைசி எலக்ட்ரானைப் பிரிக்க, ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் ஆகும். பொட்டாசியத்தில் ஒரு கூடு அதிகம், கருவின் பிடி தளர்கிறது, 419 போதும். சீசியத்துக்கு 376. அதனால்தான் தண்ணீரில் போட்டால் சோடியம் சீறிக்கொண்டு ஓடுகிறது, பொட்டாசியம் ஊதாச் சுடரோடு எரிகிறது, சீசியம் வெடித்தே விடுகிறது. லேபில் சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பதும் காற்றும் ஈரமும் படக்கூடாது என்றுதான்.

அலோகத்துக்கு வேலை நேர் எதிர். அது இன்னொன்றின் எலக்ட்ரானை இழுக்க வேண்டும். தூரம் கூடினால் இழுப்பு குறையும். ஆகவே முதலில் புளூரின், அப்புறம் குளோரின், புரோமின், அயோடின். புளூரினைத் தனியே பிரிக்க முயன்று உயிரை விட்டவர்களே உண்டு. 1886-இல்தான் பிரெஞ்சு வேதியியலாளர் மாய்சானுக்கு அது கைகூடியது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். விட்டால் போதும் என்றிருக்கும் சோடியமும், கிடைத்தால் போதும் என்றிருக்கும் குளோரினும் சேர்ந்தால் உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அள்ளிப் போடுகிறார்களே, அதே உப்பு. பதனிடும் முன் தோலை ஊறவைத்துக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் பல ஆண்டுகள் பாலாற்றில் கலந்தது. கிணற்றுத் தண்ணீர் எப்போது கரிக்கத் தொடங்கியது என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-இல், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோலிலிருந்து கரைந்து வரும் புரதத்தையும் கொழுப்பையும் பாக்டீரியா தின்றுவிடும். உப்பைத் தின்ன எதுவும் இல்லை. சோடியம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது, குளோரின் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டது. அட்டவணையின் இரண்டு ஓரத்திலும் அவ்வளவு துடித்தவை, சேர்ந்த பிறகு எதனோடும் எளிதில் வினைபுரிவதில்லை. மின்னூட்டம் கொண்ட அயனிகளாகத் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கலாம். மிஞ்சும் கரைசலை ஆவியாக்கத்தான் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல். இவ்வளவு செலவழித்த பிறகும் மூட்டையில் சேர்வது அதே உப்புதான், அழுக்கும் கலந்த உப்பு. ஆனால் ஊறவைக்கும் முன்பே தோலை நன்றாக உதறினால், ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பங்கு அங்கேயே கொட்டிவிடும். கரைவதற்கு முன்னால் அதை விளக்குமாற்றால் கூட்டி அள்ளிவிடலாம்.