பேன்ட் வடிவத்தில் ஒரு தேவாலயம்! வடக்கன்குளத்தில் சாமிக்கு முன்னால் நின்ற சுவர்

உங்கள் பேன்ட் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், வீடியோவை நிறுத்திவிட்டு எடுத்து வாருங்கள். இடுப்புப் பட்டை இருக்கிற இடம் பலிபீடம். இடது கால் ஒரு கூடம், வலது கால் இன்னொரு கூடம். இடது காலில் முழங்காலிடுகிறவருக்குப் பீடம் தெரியும், பூசை வைக்கிற சாமியார் தெரிவார். வலது காலில் இருக்கிறவர் மட்டும் கண்ணிலேயே பட மாட்டார்.

இப்படி ஒரு தேவாலயத்தை நம்ம திருநெல்வேலிச் சீமையில் கட்டினார்கள். ஊர் வடக்கன்குளம், வருடம் 1872. ஒரு கால் வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்கு, மற்றது நாடார் கிறிஸ்தவர்களுக்கு. நடுவில் சுவர்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: மதம் மாறினார்கள், சாதி கூடவே வந்தது.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு விஷயத்தில். அந்தக் காலத்துப் பூசை லத்தீனில் நடக்கும். அதாவது இடது காலுக்கும் புரியாது, வலது காலுக்கும் புரியாது. அதே மணிச்சத்தம், அதே சாம்பிராணிப் புகை. சாம்பிராணியைச் சுவர் நிறுத்துமா? மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். இவர் மூச்சில் போன புகைதான் அவர் மூச்சிலும் போயிருக்கும். மனுசன் மட்டும் மனுசனைப் பார்த்துவிடக் கூடாது.

இன்னொன்று கேளுங்கள். 1745-இல் இதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர். தேவசகாயம் ஆனார், சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். அவரைக் கைது செய்து, சித்திரவதை செய்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் தலையில் தண்ணீர் ஊற்றிய ஊரில்தான், 127 வருடம் கழித்து இந்தச் சுவர். ஒரு மதம் அவரைக் கொன்றது, போய்ச் சேர்ந்த மதம் அவர் சொன்னதை மறந்தது. இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கு மனசில்லை.

1910-இல் பாதிரியார் கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சும்மா விடுவார்களா? தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கிறிஸ்தவராகிவிட்ட பிறகு தொட்டால் தீட்டு என்று சொல்லித் தனி இடம் கேட்க முடியாது என்று தள்ளிவிட்டது கோர்ட்டு. யோசித்துப் பாருங்கள், இதைச் சொல்ல ஒரு கோர்ட்டு வேண்டியிருந்தது.

சரி, நீ கடவுளை நம்புகிறவனா என்று கேட்பீர்கள். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பத்து வயசில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில், வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, "சாமி நிஜமாவே இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் செவிட்டில் அறைந்தார். எங்கள் ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "சாமியத்தான கேட்டான்? சாமி சும்மாதான இருக்கு. நீரு ஏன் அடிக்கீரு?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. ஆச்சி பெரிய பக்தை. சுடலைக்கும் பொங்கல் வைப்பாள், உவரி அந்தோணியாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவாள், பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் பொட்டல்புதூர் தர்காவுக்கும் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அந்த தர்காவைப் பார்த்திருக்கிறீர்களா? கல் தூணும் மண்டபமுமாகக் கோயில் மாதிரியே இருக்கும். பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள்.

அப்புறம் சேரன்மகாதேவி. அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம், காங்கிரஸ் நிதியும் வாங்கியது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924-25-இல் தமிழ்நாடே கொதித்தது, முன்னால் நின்றவர் பெரியார். அப்போது அவர் காங்கிரஸ்காரர். வைக்கத்தில் கோயில் தெருவில் எல்லோரும் நடக்கப் போராடி ஜெயிலுக்குப் போய் வந்த சமயம். 1925-இல் கட்சியை விட்டே வெளியேறினார். பிற்பாடு கடவுளே இல்லை என்று அவர் ஊர் ஊராகப் பேசியதைக் கேட்டு ஆத்திரப்படுகிறவர்கள், அந்தப் பந்தியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டும். இலையைத் தூக்கித் தள்ளிப் போட்டால் யாருக்குத்தான் கேள்வி வராது?

1899 சிவகாசிக் கலவரம் கோயிலுக்குள் யார் போகலாம் என்ற தகராறில் வெடித்தது. சிவகாசி அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. 1981-இல் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது டெல்லியில் இருந்தெல்லாம் தலைவர்கள் ஓடி வந்தார்கள். அதற்கு முன்னால் அந்த ஜனங்களுக்கு மரியாதை கிடைக்காமல் இருந்த வருஷங்களில் யாரும் வரவில்லை.

வீடியோ பிடித்திருந்தால் உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள், பெரியப்பா கோபித்தாலும் பரவாயில்லை. உங்கள் ஊர்க் கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ, கல்லறைத் தோட்டத்திலோ, இன்னும் இந்த மாதிரி ஒரு சுவர் நிற்கிறதா? கமெண்ட்டில் எழுதுங்கள். ஊர்ப் பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம். கேமராவோடு நான் வருகிறேன்.