எத்தனை சதவீதம்?

நேயர்களுக்கு வணக்கம். குடும்ப நல நீதிமன்ற வக்கீல் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒருவர் குனிந்து காதோடு கேட்பார்: “மேடம், ஜீவனாம்சம்னா சம்பளத்துல எத்தனை சதவீதம்?”

2017இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து அந்த 25 கால் முளைத்து ஊர் சுற்றுகிறது. இன்றைக்குச் சட்டத்தில் அப்படி ஒரு விகிதமே கிடையாது. உச்சவரம்புதான் ஒரு காலத்தில் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் கேட்டால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. 2001இல்தான் அதை எடுத்தார்கள்.

சரி, நீதிபதி எதைப் பார்க்கிறார்? இருவர் வருமானம், சொத்து, எத்தனை வருடம் எப்படி வாழ்ந்தார்கள், பிள்ளைகள் யாரிடம், வயது, உடல்நிலை, குடும்பத்துக்காக வேலையை விட்டவர் யார். இதெல்லாம் நீங்களே ஊகித்திருப்பீர்கள். நான் பேச வந்தது காகிதத்தைப் பற்றி.

முன்பெல்லாம் மனைவி “அவருக்கு லட்சத்தில் வருமானம்” என்பார். கணவர் “கையில் காசே இல்லை” என்பார். நீதிபதி நடுவில் குத்துமதிப்பாக ஒரு தொகை போடுவார். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், செலவு, சொத்து, கடன் அத்தனையையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. இரு தரப்பும், அதைக் கவனியுங்கள்.

எதிர்த்தரப்பில் ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்தார். மொத்தச் சம்பளம் 62,000. கைக்கு வருவது 19,000. வரி 2,000, பி.எஃப். 5,000. அப்புறம் அவராகக் கூட்டிக்கொண்ட பி.எஃப். 10,000, எல்.ஐ.சி. 4,000, சொசைட்டி கடனுக்கு 22,000. “இந்தக் கடன் எப்போது வாங்கியது?” என்றேன். கூரையைப் பார்த்தார். நாங்கள் நோட்டீஸ் அனுப்பிய அடுத்த மாதம்! நீதிபதி பேனாவை எடுத்து, வரியையும் கட்டாய பி.எஃப்.பையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை வரிசையாக அடித்தார். 55,000 என்று ஓரத்தில் எழுதினார். பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கியது. நாமாகப் போட்டுக்கொண்ட பிடித்தம் கணக்கில் கழியாது.

அந்த வழக்கில் என் கட்சிக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. செலவுப் பட்டியலில் வாடகை, பால், பள்ளிக் கட்டணம், வேன் எல்லாம் இருந்தது. தன் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. “எனக்கென்ன மேடம் பெரிசா செலவு?” என்றார். கைப்பைக்குள் தைராய்டு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. இது யார் வாங்கித் தருவது என்றேன். “அண்ணன்.” எழுதுங்கள் என்றேன். செருப்பு, பஸ் டிக்கெட், கண் கண்ணாடி, எல்லாவற்றையும் எழுத வைத்தேன். ஒரு பக்கம் வந்தது. எழுதாத செலவை நீதிபதி எங்கிருந்து தேடி எடுத்துக் கொடுப்பார்? சம்பளச் சீட்டில் ஒளிப்பது ஒரு ரகம் என்றால், சொந்த மாத்திரையை ஒளிப்பது இன்னொரு ரகம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். மொத்தமாக வாங்குவதா, மாதாமாதமா என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. விரைவாக மூன்று விஷயம். மனைவி வேலைக்குப் போகிறார் என்பதாலேயே ஜீவனாம்சம் இல்லை என்றாகிவிடாது. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளில் வருமானமில்லாத கணவரும் கேட்கலாம். தொகை, மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. ஆகவே வாய்தா வாங்கி இழுத்தடித்தால் பாக்கிதான் ஏறும். அப்புறம், கட்டாமல் விட்டால் வாரண்ட்... சரி, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.